சேற்றுக்குள் ஒரு மூச்சு
(நூற்றாண்டு நிறைவு விழாவில் கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்று ஏதாவது கேட்கலாம் என எண்ணி வந்திருப்பீர்கள். நாற்பதைத் தாண்டிவிட்ட எங்கள் வகுப்புக்கே அந்தப் புத்திமதி தேவைதான். ஆனாலும் உயர்தர வகுப்பில் உயிரியல் பிரிவில் ஒன்றாக இருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் தொலைபேசியில் கூடிப் பேசி, வேறொரு விடயத்தைத் தெரிந்தெடுத்தோம். மேடையில் நிற்பவர் ஒருவர். ஆயத்தம் செய்தவர்கள் எல்லோரும். ஆகவே இந்த உரையில் "நாங்கள்" என்றே வரும்.

விடயம் இதுதான்: கடலுக்கு அடியில், வெளிச்சமும் காற்றும் எட்டாத சேற்றில், கந்தகச் சேர்வைகளைக் கொண்டு உயிர் வாழும் நுண்ணங்கிகள். நூற்றாண்டு விழாவில் சேற்றைப் பற்றிப் பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம். இது நம் வீட்டு வாசலில் நடக்கும் கதை. இதை அறியாததால் உயிர்போன மனிதர்களும் உண்டு. அதையும் இன்று சொல்லியாக வேண்டும்.

வெள்ளவத்தையில் குடியிருந்தவர்களுக்குக் கால்வாயின் மணத்தை விவரிக்கத் தேவையில்லை. காலி வீதிப் பாலத்தில் பஸ் நின்றால் மூக்கைப் பொத்துவோம். மழை குறைந்த மாதங்களில் கடல் மணலைத் தள்ளிக் கால்வாயின் வாயை அடைத்துவிடும், நீர் தேங்கும், மணம் ஏறும். கூழ்முட்டை மணம். உயர்தர ஆய்வுகூடத்தில் அயன் சல்பைட்டின் மேல் ஐதான அமிலத்தை ஊற்றியபோது எழுந்து, நடைபாதை வழியாக அதிபரின் அறைவரை போன அதே ஐதரசன் சல்பைட்டு வாயுதான் அது. ஆய்வுகூடத்தில் நாங்கள் அமிலத்தால் செய்ததைக் கால்வாயில் யார் செய்கிறார்கள்?

அதற்கு முதலில் சுவாசம் என்றால் என்ன என்று நினைவுபடுத்திக் கொள்வோம். நாம் உண்ணும் சோற்றிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கும்போது இலத்திரன்கள் மிஞ்சுகின்றன. அவற்றை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் தலைச்சுமையோடு நடப்பவர்கள் சுமையை இறக்கி இளைப்பாற ஒரு சுமைதாங்கிக் கல் இருந்ததல்லவா, அதுபோல நமது கலங்களுக்கு ஒட்சிசன்தான் சுமைதாங்கி. ஒட்சிசன் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் மூளை செயலிழந்துவிடும்.

சேற்றில் வாழும் நுண்ணங்கிகளுக்கு இந்த விடயத்தில் நம்மைவிடத் தெரிவு அதிகம். மேற்பரப்பில் ஒட்சிசன் இருக்கும்வரை அதை எடுப்பவை எடுக்கும். அது தீர்ந்ததும் நைத்திரேற்றைப் பயன்படுத்துபவை வரும். பிறகு மங்கனீசு, பிறகு இரும்பு. அவையும் தீர்ந்தபின் வருவது சல்பேற்று. சல்பேற்றைச் சுமைதாங்கியாகக் கொண்டு, சேற்றில் புதைந்த இலை, தழை, கழிவு ஆகிய சேதனப் பொருள்களை எரித்து வாழும் பற்றீரியாக்கள் வெளிவிடும் மூச்சே ஐதரசன் சல்பைட்டு. அந்த வாயு சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம் வரும். கால்வாய் ஓரத்தில் ஒரு தடியால் கிளறிப் பாருங்கள். மேலே ஒரு மெல்லிய கபில நிறப் படை. அதன்கீழ் மை போன்ற கறுப்பு. கறுப்பு தொடங்கும் இடத்தில் ஒட்சிசனின் ஆட்சி முடிந்துவிட்டது என்று பொருள்.

கடலுக்கு அண்மையில் இந்த மணம் கூடுவதற்கும் காரணம் உண்டு. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று கரைந்திருக்கிறது. உப்பில் உள்ள குளோரைட்டுக்கு அடுத்தபடியாகக் கடல்நீரில் அதிகமாக உள்ள எதிரயன் அதுவே. சாதாரண ஆற்றுநீரில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல். கடல் சல்பேற்றைக் கொண்டுவருகிறது, ஊர் கழிவைக் கொண்டுவருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பற்றீரியாக்களுக்குத் தினமும் கலியாண வீடு.

இந்தப் பற்றீரியாக்களை முதன்முதலில் பிரித்தறிந்தவர் ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரில் பணியாற்றிய மார்ட்டினுஸ் பெய்ஜெரிங்க். ஆண்டு 1895. டெல்வ்ற் கால்வாய்களின் நகரம். கொழும்பின் பழைய கால்வாய்களில் பலவற்றை வெட்டுவித்தவர்களும் ஒல்லாந்தரே. ஊர்நடுவே தேங்கிய நீரின் மணம் அங்கே ஒரு விஞ்ஞானத்தைப் பிறப்பித்தது. இங்கே நாம் கைக்குட்டையை எடுத்தோம், அவ்வளவுதான்.

இனிக் கால்வாயை விட்டுக் கடலுக்குள் போவோம். கால்வாயில் ஒரு சாண் ஆழத்தில் நடப்பது ஆழ்கடல் அடியில் பல மீற்றர், சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீற்றர் தடிப்பான அடையலுக்குள் நடக்கிறது. வேலை ஏறத்தாழ அதுவே, மாறுவது வேகம். கால்வாயில் உணவு கொட்டிக் கிடக்கிறது. ஆழ்கடலில் மேலிருந்து இறங்கி வருவது சிறு துணுக்குகள் மட்டுமே. அதிலும் நல்லதை மேலே உள்ளவை உண்டுவிட, மிச்சத்தின் மிச்சமே கீழே போகிறது. கால்வாய்ச் சேற்றில் ஒரு பற்றீரியா சில மணித்தியாலங்களிலோ நாட்களிலோ இரண்டாகப் பிரியும். ஆழ அடையலில் அதற்குப் பல பத்தாண்டுகளிலிருந்து ஆயிரம் ஆண்டுகள்வரை எடுக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நமது கல்லூரி தொடங்கிய நாளில் பிரிந்த ஒரு கலம் இன்னும் அடுத்த பிரிவுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருக்கக்கூடும்.

இதையெல்லாம் எப்படி அறிந்தார்கள்? கப்பலில் போய்த் துளையிட்டு. இங்கேதான் கொட்டாஞ்சேனை கதைக்குள் வருகிறது.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குத் துறைமுகம் பக்கத்து வீடு. கப்பலின் ஊதல் கேட்டு எழும்பிப் பாடசாலைக்கு வந்தவர்கள் நம்மிடையே பலர். அந்தத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களில் ஒன்று "ஜொய்டெஸ் ரெசொலூஷன்". நடுவில் நீர்மட்டத்திலிருந்து 60 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் துளைக் கோபுரம். உள்ளே மாடிமாடியாக ஆய்வுகூடங்கள். பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆழ்கடல் துளையிடும் திட்டத்தின் கப்பல் அது. 1987 யூலை மாதம் கொழும்பிலிருந்து புறப்பட்டு, இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவில், பூமத்திய கோட்டுக்குச் சற்று அப்பால் நின்று துளையிட்டது. நீரின் ஆழம் 4,700 மீற்றர். அதற்குக் கீழே அடையலுக்குள் 900 மீற்றருக்கும் மேலே சென்று, மண்ணை நீண்ட உருளைகளாக எடுத்து வந்தது. ஓகஸ்ட்டில் கொழும்புக்கே திரும்பியது. இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தான யூலை அது. நம் வீட்டுப் பெரியவர்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்த நாட்கள். தெற்கே கடலின் அடியில் என்ன நடக்கிறது என்று கேட்க அன்று யாருக்கு நேரம் இருந்தது?

அந்தக் கப்பல் பிறகும் வந்தது. 2015 சனவரி முடிவில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, வங்காள விரிகுடாவில் 8 பாகை வடக்கு அகலக்கோட்டை ஒட்டி ஏழு இடங்களில் துளையிட்டு, மார்ச் முடிவில் கொழும்பில் வந்து கட்டியது. மட்டக்களப்பிலிருந்து நேர் கிழக்கே பல நூறு கிலோமீற்றர் போனால் அந்த இடங்கள் வரும். 2016 ஓகஸ்ட்டில் கொழும்பிலிருந்து சுமாத்திராப் பக்கம் போய், 2004 மார்கழியில் நம் கரைகளை அழித்த கடற்கோளுக்குக் காரணமான பூமியதிர்ச்சிப் பிரதேசத்தின் அடையல்களை ஆராய்ந்தது.

இந்த அடையல்கள் எங்கிருந்து வந்தவை? இமயமலையிலிருந்து. கங்கையும் பிரமபுத்திராவும் அரித்துக் கொண்டுவரும் மண் வங்காள விரிகுடாவின் அடியில் விசிறிபோல விரிந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் நீளத்துக்கு, இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி அதுதான். 1987 இல் துளையிட்டது அதன் தென்பகுதியில். இமயமலைச் சாரலில் உதிர்ந்த இலையின் துணுக்கு நமது தீவைச் சுற்றி வந்து கடலடியில் படுத்திருக்கிறது. மண் விரைவாக மேலே மேலே குவிவதால் அந்த இலைத் துணுக்குகளில் கணிசமான பங்கு நுண்ணங்கிகளின் வாயில் அகப்படாமல் புதைந்துவிடுகிறது. புதைந்த காபன் திரும்பக் காபனீரொட்சைட்டாகி வானத்துக்கு ஏறுவதில்லை. பல இலட்சம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பூமி அளவுக்கு மீறிச் சூடேறாமல் இருப்பதற்கு இந்தப் புதைகுழியும் ஒரு காரணம்.

கடலடி அடையலுக்குள் உயிர் இருக்கிறது என்பதையே பலகாலம் நம்பாமல் இருந்தார்கள். மேலிருந்து வந்த நுண்ணங்கிகள் மாதிரியில் கலந்திருக்கும் என்றார்கள். 1994 இல் ஜோன் பார்க்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் பசிபிக் சமுத்திர அடையல்களில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்திலும் பற்றீரியாக்கள் உண்டு என்று காட்டினார்கள். 2002 இல் அதே ஜொய்டெஸ் ரெசொலூஷன் கப்பல் இந்த ஆழத்து உயிர்களை ஆராய்வதற்கென்றே பெருநாட்டுக் கரைக்கும் கிழக்குப் பசிபிக்கின் பூமத்திய கோட்டுப் பகுதிக்கும் போனது. 2012 இல் வெளியான ஒரு கணக்கின்படி உலகக் கடலடி அடையல்களில் உள்ள கலங்களின் தொகை 29 என்ற எண்ணுக்குப் பின்னால் 28 பூச்சியங்கள். கடல்நீர் முழுவதிலும் உள்ள நுண்ணங்கிகளின் தொகையோடு ஒப்பிடத்தக்கது.

இந்தப் பெருங்கூட்டத்தில் சல்பேற்றைச் சுவாசிப்பவை செய்யும் ஒரு வேலையை நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அடையலில் ஆழம் போகப் போகச் சல்பேற்றும் தீர்ந்துபோகும். அதற்குக் கீழே மெதேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணங்கிகள் வாழ்கின்றன. மெதேன் மெல்ல மேலே ஏறும். அது வானத்தை அடைந்தால், நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் ஏறி வரும் மெதேனும் மேலிருந்து இறங்கும் சல்பேற்றும் சந்திக்கும் ஓர் எல்லைப் படை இருக்கிறது. அங்கே இரண்டும் மறைந்துபோகின்றன. நீண்டகாலம் இது புதிராக இருந்தது. ஒட்சிசன் இல்லாமல் மெதேனை எரிக்க எந்த உயிராலும் முடியாது என்றே பாடப்புத்தகங்கள் சொல்லின.

2000 ஆம் ஆண்டில் அந்தப் புதிரின் முடிச்சை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் அன்ற்ஜே பொயெற்றியஸ் என்ற ஜேர்மன் பெண் விஞ்ஞானி. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் எடுத்த சேற்றில் சிறு உருண்டைகளை அவரது குழு கண்டது. உள்ளே ஆர்க்கியா என்ற நுண்ணங்கிக் கூட்டம். அதைச் சுற்றி, பலாச்சுளையைச் சடை மூடியதுபோல, சல்பேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள். ஆர்க்கியா மெதேனை உண்கிறது. மிஞ்சும் இலத்திரனைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கிறது. அவர் அதைச் சல்பேற்றில் இறக்கி வைக்கிறார். தனித்திருந்தால் இந்த வேலை நடக்காது. அடுத்த ஆண்டில் விக்ரோரியா ஓர்பன் என்ற அமெரிக்கப் பெண்ணும் அவரது குழுவினரும் இந்த உருண்டைகளில் உள்ள காபன் மெதேனிலிருந்தே வந்தது என்பதைக் கலம் கலமாக அளந்து காட்டினார்கள். கடலடி அடையல்களில் உண்டாகும் மெதேனில் மிகப் பெரும்பகுதி, 90 சதவீதம் வரை, கடல்நீரை எட்டுமுன்னரே இப்படித் தடுக்கப்படுகிறது என மதிப்பிடுகிறார்கள். நமக்கு அண்மையில், ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில், மெதேன் நீரோடு உறைந்து பனிக்கட்டிபோலப் பெருமளவில் கிடப்பதை 2006 இல் இந்திய அரசுக்காகத் துளையிட்டுக் கண்டதும் இதே கப்பல்தான்.

உண்டான ஐதரசன் சல்பைட்டு என்னவாகிறது? அதிலும் வீண் இல்லை. கரையோர அடையல்களில் அதன் பெரும்பங்கு இரும்பாலும் ஒட்சிசனாலும் வேறு பற்றீரியாக்களாலும் மறுபடி சல்பேற்றாக மாற்றப்படுகிறது. எஞ்சிய சிறுபங்கு இரும்போடு சேர்ந்து பைரைட்டு என்ற மினுங்கும் கனிமமாகிப் புதைகிறது. மீண்ட சல்பேற்றை மறுபடி ஒருவர் சுவாசிப்பார். ஓர் இடத்தில் சல்பேற்று இல்லை என்று கருவி காட்டும். ஆனால் உண்டாகும் வேகத்திலேயே செலவாவதால் அளவில் அகப்படாமல் சுழன்றுகொண்டிருக்கும். மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்றே செலவாகிவிடும் குடும்பம்போல. வங்கிப் புத்தகத்தில் ஒன்றும் இராது. ஆனாலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே கூழ்முட்டை மணத்தை உண்டாக்கும் அதே மூச்சு, கடலடியில் பூமிக்குக் காவல் நிற்கிறது. காவலுக்கும் ஓர் அளவு இருக்கிறது. கால்வாயில் நாம் கொட்டும் கழிவு அளவு மீறியதாக இருப்பதால், அங்கே மெதேன் குமிழிகளாக எழுந்து காவல் படையைத் தாண்டி நேரே வெளியேறுகிறது. கால்வாய் நீரில் குமிழி வருவதைப் பார்த்து மீன் என்று நினைப்போம். பெரும்பாலும் மீன் இல்லை.

இப்போது வைத்தியர் என்ற முறையில் பேச வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். கொழும்பின் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்களில் பழையவை நமது கல்லூரியைவிட மூத்தவை. அந்தக் கழிவுநீர் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் குழாய் வழியாகக் கடலுக்குள் விடப்படுகிறது. நாம் சொன்ன கந்தகச் சுழற்சி முழுவதும் அப்படிப்பட்ட ஒரு குழாய்க்குள்ளேயே நடக்கும். அடியில் படிந்த சேற்றில் சல்பேற்று ஐதரசன் சல்பைட்டாகும். வாயு மேலே எழும்பிக் குழாயின் கூரையில் உள்ள ஈரத்தில் கரையும். அங்கே வேறு பற்றீரியாக்கள் அதைச் சல்பூரிக்கமிலமாக மாற்றிக் கொங்கிறீற்றை அரிக்கும். 1945 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் பார்க்கர் என்பவர் இதைக் கண்டறிந்தார். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டு எடுப்பது குழாயில் ஒரு கிழமையில் நடந்துவிடும்.

வீட்டு மலக்குழியிலும் அதே கதை. வெள்ளவத்தையில், தெஹிவளையில், வத்தளையில் நம்மில் எத்தனையோ பேருக்கு வீடோ தொடர்மாடி மனையோ இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு, "குழி நிறைந்துவிட்டது, ஆளைப் பிடித்துத் துப்புரவாக்குங்கள்" என்று தொலைபேசியில் சொல்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஆள் யார், எப்படி இறங்குகிறார் என்று கேட்டதுண்டா?

ஐதரசன் சல்பைட்டின் மணத்தை மனித மூக்கு மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடிக்கும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஆனால் அளவு நூறு பங்கை எட்டும்போது மணம் அறியும் நரம்பு மரத்துப்போகும். மணம் நின்றுவிடும். குழிக்குள் நிற்பவர் "இப்போது பரவாயில்லை" என்பார். அந்த நேரம்தான் மரணம் பக்கத்தில் நிற்கிறது. ஐந்நூறு பங்குக்கு மேல் சில நிமிடங்களில் நினைவு தவறும். ஆயிரம் பங்கில் ஓரிரு மூச்சே போதும். நமது கலங்களுக்குள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் நொதியத்தை இந்த வாயு சயனைட்டைப்போலவே தடுத்துவிடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இருந்தாலும் கலத்தால் அதை எடுக்க முடியாது. சுமைதாங்கி இருக்கிறது, சுமையை இறக்கும் கை கட்டப்பட்டுவிட்டது.

காற்றைவிடக் கனமான வாயு ஆதலால் குழியின் அடியில் தங்கியிருக்கும். சேற்றைக் கிளறும்போது திடீரென்று பெருமளவில் வெளிவரும். ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார். அவரும் விழ, பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் இறந்துபோவது இப்படித்தான். விழுந்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தால் எங்களால் செய்யக்கூடியது ஒட்சிசன் கொடுத்து, சுவாசத்தையும் இருதயத்தையும் தாங்கிப் பிடிப்பது. உறுதியாக மீட்கும் மாற்று மருந்து என்று எதுவும் எங்கள் கையில் இல்லை.

இந்தியாவில் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் இறக்குவதைத் தடைசெய்கிறது. 2023 ஒக்ரோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இவ்வாறு இறந்தவரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் இந்திய ரூபாய் நட்டஈடு வழங்க வேண்டும் என்றது. சட்டம் இருந்தும் சென்னை உட்படப் பல நகரங்களில் மரணங்கள் தொடர்கின்றன. இறங்குபவர் பெரும்பாலும் ஏழை. அதிலும் சாதியால் அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டவர். கொழும்பில் வாழும் நாமும் இதை வேற்றூர்க் கதை என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே ஓர் உறுதி எடுப்போம். நமது வீட்டுக் குழிக்குள் எந்த மனிதரையும் இறக்குவதில்லை. உறிஞ்சும் பவுசரை அழைப்போம். செலவு கூடினாலும் அழைப்போம். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்க வேண்டாம். யாராவது உள்ளே விழுந்தால் பின்னால் இறங்க வேண்டாம். கூச்சலிட்டு ஆட்களை விலக்கி, சுவாசக் கருவி உள்ள தீயணைப்புப் படையை அழையுங்கள். மணம் நின்றுவிட்டது என்ற காரணத்துக்காக ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்ப வேண்டாம். இன்று கேட்டதில் வேறெதை மறந்தாலும் இதை வீட்டில் சொல்லுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் கல்லூரிக்கானது. ஜொய்டெஸ் ரெசொலூஷன் 2024 இல் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. அமெரிக்கா அதற்கான நிதியை நிறுத்திவிட்டது. ஆனால் அது எடுத்த மண் உருளைகள் அழிந்துபோகவில்லை. இந்து சமுத்திரத்திலும் வங்காள விரிகுடாவிலும் எடுத்தவை ஜப்பானின் கொச்சி நகரில் குளிரூட்டிய களஞ்சியத்தில் இருக்கின்றன. கேரளத்துக் கொச்சி என்று நினைத்து ரயிலேற வேண்டாம். ஆய்வாளர்களும் கற்பிப்போரும் தகுந்த காரணம் காட்டி மாதிரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். நமது துறைமுகத்திலிருந்து போன கப்பல், நமது கடலில் எடுத்த மண். அதை ஆராய்ந்து எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது நம் ஊர்ப் பெண்ணின் பெயரைத் தேடி எங்கள் கண் களைத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து சிறிது தூரத்தில், மட்டக்குளியில், நாரா என்ற அரச நீர்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் உயிரியல் படித்தவர்களுக்கு வைத்தியபீடம் ஒன்றே வாசல் என்று சொல்லிச் சொல்லி, அந்த நிலையத்தின் வாசலைக் காட்டாமல் விட்டிருக்கிறோம். வைத்தியர்களாகிய நாங்கள் இதைச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நம்புகிறோம்.

தொடக்கத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். உருசிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1880களில் காட்டிய வழி ஒன்று போதும். உயரமான தெளிந்த போத்தல் ஒன்று. அதில் ஆசிரியையின் மேற்பார்வையில், கையுறை போட்டு எடுத்த கால்வாய்ச் சேறு. கிழித்த பத்திரிகைத் துண்டுகள், ஓர் அவித்த முட்டையின் மஞ்சட்கரு, மேலே கொஞ்சம் கடல்நீர். மூடியைத் தளர்வாக வைத்து, காற்றோட்டமான யன்னலோரத்தில் வெளிச்சம் படும்படி நிறுத்த வேண்டும். மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கக் கூடாது. சில கிழமைகளில் அடியில் கறுப்புப் படரும். அதற்கு மேலே பச்சை, பிறகு ஊதா. பச்சையும் ஊதாவும் வெளிச்சத்தின் துணையோடு ஐதரசன் சல்பைட்டை உண்ணும் பற்றீரியாக்கள். கடலடியில் பல மீற்றர் ஆழத்துக்குப் பரந்திருக்கும் படைகளின் ஒழுங்கை ஒரு முழ உயரத்தில் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

எங்கள் வகுப்பு இந்த நூற்றாண்டு ஆண்டில் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு அப்படிப் பத்துப் போத்தல்களும் இரண்டு நுணுக்குக்காட்டிகளும் வழங்குகிறது. கடல்சார் விஞ்ஞானம் படிக்க விரும்பும் ஒரு மாணவிக்கு ஆண்டுதோறும் புலமைப்பரிசில் ஒன்று ஏற்படுத்தவும் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம். முதல் தொகையை நாங்கள் போடுகிறோம். உலகெங்கும் உள்ள சகோதரிகள் இயன்றதைச் சேர்த்துவிடுங்கள். செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தேநீர் இடைவேளையில் எங்களையும் பிடிக்கலாம்.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.